கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி: நாலாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை

ஏழு மாதச் சினை. விடியற்காலையில் கொட்டகைக்குப் போனால் மாட்டின் பின்னால், வைக்கோல் மேல், உடம்பில் முடிகூடச் சரியாக முளைக்காத கன்று உயிரில்லாமல் கிடக்கும். நஞ்சுக்கொடி பாதி வெளியே, பாதி உள்ளே. கண்பட்டுவிட்டது, பக்கத்து மாடு முட்டியது, தீவனம் சூடு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முட்டுப்பட்டும் கன்று வீசலாம்தான். வேறு சில தொற்றுகளாலும் வீசலாம். ஆனால் சினையின் கடைசி மூன்று, நான்கு மாதங்களில் கன்று விழுந்து, கொடியும் விழாமல் தங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புரூசெல்லோசிஸ். கால்நடைத் துறையின் அறிவிப்புகளில் 'கன்று வீச்சு நோய்' என்று வருவது இதுதான்.

மாட்டுக்கு இந்த நோய் வந்துவிட்டால் நம்பிச் செய்யக்கூடிய சிகிச்சை கிடையாது. வராமல் தடுக்க ஒரே ஒரு ஊசி இருக்கிறது, அதுவும் இலவசம். தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தொடங்கிவைக்கப்பட்டது. கோமாரி நோய்க்கும் கன்று வீச்சு நோய்க்கும் சேர்த்து ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசின் செலவு. ஆண்டுக்கு 3.6 கோடி கிடேரிக் கன்றுகளுக்கு இந்த ஊசி போட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. பசுங்கன்று, எருமைக் கன்று இரண்டுக்கும் உண்டு. கோமாரி ஊசி மாதிரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போதும்.

ஆனால் அந்த ஒரு தடவைக்கு வயது வரம்பு உண்டு. 4 மாதம் முடிந்து 8 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எங்கள் தெருவில் ஒருவர், முகாமுக்குக் கன்றை ஓட்டிவரச் சொன்னபோது, 'வளரட்டும், அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டார். அடுத்த முகாம் வந்தபோது கன்றுக்கு ஒன்பது மாதம் தாண்டிவிட்டது. ஊசி போட மறுத்துவிட்டார்கள். அவருக்கு ஒரே கோபம்.

மறுத்ததில் நியாயம் இருக்கிறது. இந்தத் தடுப்பூசியில் (எஸ்19 என்பது அதன் பெயர்) இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. சின்னக் கன்றுக்குப் போட்டால் எதிர்ப்புச் சக்தி நிற்கும், ரத்தப் பரிசோதனையில் தெரியும் அடையாளம் நாளடைவில் மறைந்துவிடும். வளர்ந்த கிடேரிக்குப் போட்டால் அந்த அடையாளம் மறையாமல் நின்று, பிற்பாடு பரிசோதிக்கும்போது ஊசியா நோயா என்று பிரிக்க முடியாமல் போகும். சினை மாட்டுக்குப் போட்டால் ஊசியே கன்றை வீசவைக்கலாம். காளைக் கன்றுக்குப் போட்டால் விதை வீங்கலாம். அதனால்தான் கிடேரிக்கு மட்டும், அந்த நாலு மாத இடைவெளியில் மட்டும்.

ஆகவே கன்று பிறந்த தேதியைக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வையுங்கள். நாலு மாதம் நிறைந்ததும் முகாமுக்காகக் காத்திராமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போய்க் கேளுங்கள். கன்றுக்குக் காதுவில்லை இல்லையென்றால் போட்டுவிடுவார்கள். மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும், ஊசி போட்ட விவரம் அந்த எண்ணில்தான் பதிவாகும். பதிந்தார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது உங்கள் உரிமை. ஊசி போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சலும் கழுத்தில் சின்ன வீக்கமும் வரலாம், பயப்பட வேண்டாம். கன்றை மட்டும் ஆடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஊசி தவறிக் கையில் குத்தினால் மனிதருக்கும் தொற்றும்.

சரி, கன்று வீசியே விட்டது. அப்புறம் என்ன?

வெறுங்கையால் தொடாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விழுந்த கன்று, கொடி, பனிக்குட நீர், அடுத்த சில வாரங்கள் வடியும் அழுக்கு எல்லாவற்றிலும் கிருமி நிறைந்திருக்கும். தங்கிய கொடியைக் கையை விட்டு இழுக்கவும் கூடாது. அதை மருத்துவரிடம் விடுங்கள். மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை கன்றைப் புதைக்க அவசரப்படாமல் நாய் அண்டாதபடி மூடி வையுங்கள். அதன் இரைப்பையில் உள்ள நீர்தான் கிருமியைக் கண்டுபிடிக்க நல்ல மாதிரி. தாய்மாட்டின் ரத்தத்தையும் எடுப்பார்கள். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தாலும் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கன்று வீசிய நாளில் சில மாடுகளில் அடையாளம் தெரியாது.

நம் ஊர்களில் கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்று நம்பிச் செய்வது. என் பாட்டி அதை வேறு யாரிடமும் விடமாட்டார், தானே தூக்கிக்கொண்டு போவார். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் வீசிய கன்றின் கொடியை அப்படிக் கட்டினால் காக்கையும் நாயும் அதை ஊரெல்லாம் இழுத்துப்போடும். ஆளுயரக் குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு கொட்டிப் புதைப்பதுதான் சரி. நனைந்த வைக்கோலை எரித்துவிடுங்கள். தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள். நேர் வெயிலில் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் சாகும், ஈரமும் நிழலும் இருந்தால் வாரக்கணக்கில் கிடக்கும்.

இதில் சட்டமும் இருக்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009இன் அட்டவணையில் இந்த நோயும் உண்டு. சந்தேகம் வந்தாலே தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை. அந்த மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும், பொது மேய்ச்சலுக்கு விடக்கூடாது, ஊர்க் குளத்திலோ பொதுத் தொட்டியிலோ தண்ணீர் காட்டக்கூடாது. நோய் இருப்பது தெரிந்தும் சந்தைக்கு ஓட்டிப்போவது குற்றம். இந்தக் கடைசிதான் அதிகம் மீறப்படுகிறது. வீசிய மாடு அடுத்த ஈற்றில் நல்ல கன்றே போடலாம், பார்க்கக் கொழுகொழுவென்றும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் கிருமியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், பாலிலும் வரும். அதை வாங்கிக் கட்டுகிறவர் நம்மைப்போல இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவராகத்தான் இருப்பார். நீங்கள் மாடு வாங்குவதாக இருந்தால், காதுவில்லை எண்ணை மருந்தகத்தில் கொடுத்து ஊசிப் பதிவைப் பார்த்துவிட்டு, ரத்தமும் பரிசோதித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பாலை நன்றாகக் கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும். பச்சைப் பால் வேண்டவே வேண்டாம், சீம்பாலும் அப்படியே. கொட்டகையில் வேலை செய்கிற யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பிலும் மூட்டிலும் வலி என்று வாரக்கணக்கில் நீடித்தால், மாடு வளர்ப்பதையும் கன்று வீசியதையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, மலேரியா என்றே தேடிக்கொண்டிருப்பார்கள். மனிதருக்கு இதற்கு மருந்து உண்டு, பெரும்பாலும் ஆறு வாரம் சாப்பிட வேண்டிவரும். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திரும்ப வரும்.