பயமே நோயாகும்போது: 'நரம்புத் தளர்ச்சி'யும் கவுன்சலிங்கும்

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் பின்னிரவு டிவியிலும் ஒரே கதைதான். சுய இன்பத்தில் விந்து வீணாகிவிட்டது, நரம்பு தளர்ந்துவிட்டது, இப்படியே கல்யாணம் செய்தால் மானம் போய்விடும். இதை நம்பும் ஆண்களில் பலருக்கு நிஜமாகவே உடம்பு சோர்கிறது, சிலருக்கு விறைப்பும் வராமல் போகிறது.

இந்த அறிகுறிகளின் தொகுப்புக்கு 1960-இல் மனநல மருத்துவர் என்.என்.விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார் ('தாத்' என்றால் இங்கே விந்து). நம் ஊர் நம்பிக்கை மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஓர் அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதைவிடக் கேடு என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து மருத்துவர் திசோ எழுதிவிட்டார். 'ஒரு சொட்டு விந்து, நாற்பது சொட்டு ரத்தம்' என்பார்களே, அதே நாற்பது!

ஒருமுறை வெளியேறும் விந்து சுமார் 2 முதல் 5 மில்லி. பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. அவையும் தினமும் கோடிக்கணக்கில் புதிதாக உருவாகின்றன. தீர்ந்துபோகச் சேமிப்பு எதுவும் இல்லை.

அப்படியானால் விறைப்பு ஏன் வரவில்லை? ஆணுறுப்பின் தசைகள் தளர்ந்து ரத்தம் உள்ளே பாய்ந்தால்தான் விறைப்பு. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தத் தசைகளையும் ரத்தக் குழாய்களையும் இறுக்கிவிடும். 'வருமா, வராதா' என்று தன்னையே வேவு பார்ப்பவருக்கு வராது. ஒருமுறை தவறியதும் அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். லேகியத்தால் இந்தச் சுழலை அறுக்க முடியாது.

கவுன்சலிங் இங்கேதான் கைவைக்கிறது. 1970-களில் உளவியலாளர் ஜாக் ஆனன் இதை நான்கு படிகளாக வகுத்தார். முதல் படி, வெட்கமின்றிப் பேச இடம் தருவது. அடுத்தது தேவையான தகவலைச் சொல்வது. பலருக்கு இந்த இரண்டே போதும். உதாரணமாக, உறுப்பு சிறியது என்ற கவலை. 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்த 2015 ஆய்வில் விறைத்த நிலையின் சராசரி சுமார் 13 செ.மீ. தலையைக் குனிந்து பார்க்கும் கோணத்தில் சொந்த உறுப்பு எப்போதும் குட்டையாகத்தான் தெரியும்.

மூன்றாவது படி, பயிற்சி. சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம், தொடுதல் மட்டும் போதும் என்று தம்பதிக்குச் சொல்வார்கள். பரீட்சையே ரத்தானால் பயம் எங்கிருந்து வரும்? இதற்கும் மசியாத சிக்கல்களுக்குத்தான் நான்காவது படியான நீண்ட உளவியல் சிகிச்சை.

"பெண்கள் மேல் நாட்டமே வரவில்லை, மாத்திரை கொடுங்கள்" என்று வருபவர்களும் உண்டு. தன்பால் ஈர்ப்பு நோயல்ல, அதை மாற்ற மருந்தும் இல்லை. இவர்களுக்கு முதல் படிதான் பெரிய உதவி. பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை' முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்தது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்தார். எனக்குத் தெரிந்து கவுன்சலிங்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

விறைப்புப் பிரச்சினையோடு வருபவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி: காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் நரம்பும் ரத்தக் குழாயும் பெரும்பாலும் நலம், பயத்தைக் கவனிக்கலாம். பல மாதங்களாக அதுவும் இல்லையென்றால் முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.