குடலில் தொடங்கி மண்ணீரல் வரை

சென்னையின் புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை கறிக்கடைகளில் ‘சுவரொட்டி’ என்று கேட்டு வாங்குவது ஆட்டின் மண்ணீரலை. ரத்தசோகைக்கு வீட்டில் சொல்லும் முதல் வைத்தியம் அது. இரும்புச்சத்து நிறைய இருப்பதால் அதில் நியாயமும் உண்டு. எவ்வளவு தின்றும் சிலருக்கு ரத்தம் ஊறாது. அப்போது சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தேய்த்துவிடும். இரும்பு உள்ளே போக வழியில்லை.

இது வடநாட்டு நோய் என்று ஒதுக்குவதுண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் (எதிர்ப்பாற்றல் சுரக்கும் புரதம்) வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. உண்மைதான். ஆனால் வடக்கிலிருந்து வந்து, தலைமுறைகளாகச் சப்பாத்தி சாப்பிடும் குடும்பங்கள் நிறைந்த சென்னையின் சௌகார்பேட்டை எந்தக் கணக்கில் சேரும்?

இந்த நோய் குடலோடு நிற்பதில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மண்ணீரலின் வேலையும் குறைகிறது, சிலருக்கு அது சுருங்கியே போகிறது. குழந்தைகளிடம் இது அபூர்வம். குளூட்டனோடு கழித்த காலம் கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது.

மண்ணீரல் ரத்தத்தின் சல்லடை. சிவப்பணுவுக்குள் தங்கிவிட்ட உட்கருத் துணுக்கை அது பிடுங்கி எறியும். எறியாவிட்டால் சாதாரண ரத்தப்பூச்சுப் பரிசோதனையிலேயே அத்துணுக்குகள் நுண்ணோக்கியில் தெரியும். ஹோவெல்-ஜாலி துணுக்குகள் என்பார்கள். மலிவான தடயம், பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமி சர்க்கரைப் பொருளாலான உறை போட்டிருக்கும். விழுங்க வரும் அணுக்களுக்கு அது எளிதில் பிடிபடாது. அந்த உறையை அடையாளம் கண்டு உடனே எதிர்ப்பொருள் சுரப்பவை மண்ணீரலின் விளிம்புப் பகுதியில் உள்ள பி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். அவை குறைந்தால் கிருமி ரத்தத்தில் தங்கிப் பெருகும். இப்படிப்பட்டவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

குளூட்டனை விட்டால் மண்ணீரலின் வேலைத்திறன் ஓரளவு மீளலாம். சுருங்கிய மண்ணீரல் வளர்வதில்லை. இட்லியோடு தப்பித்தோம் என்று நினைத்தால் சாம்பாரில் மாட்டிக்கொள்வோம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

மண்ணீரலின் வேலை குறைந்தவர்களுக்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி அவசியம். அதிலும் உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்த வகையை முதலில் போடுவதற்குக் காரணம் உண்டு. வெறும் சர்க்கரை ஊசி, குறைந்துபோன அதே பி அணுக்களைத்தான் நம்பியிருக்கிறது. புரதம் சேர்ந்தால் டி அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களும் துணைக்கு வரும்.