ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"அண்ணே, எல்லா ஃபேனும் சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை." காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அடிக்கடி வரும் அழைப்பு இது. பேசுகிறவன் பெரும்பாலும் இருபது வயதுப் பையனாக இருப்பான். வீடியோக்களைப் பார்த்து, சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலுமாகப் பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முதல்முறையாகத் தன் கையால் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டியிருப்பான். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "திரை வரவில்லை என்றதும் இதுவரை எதையெல்லாம் கழற்றினாய்?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. எவ்வளவு நேரம் பேச்சில்லை என்பதை வைத்தே பில் எவ்வளவு வரும் என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடுவேன்.

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் திரை வராமல் போவதற்கான காரணம், என் மேசைக்கு வந்தவற்றைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அற்பமானது. பணச் செலவை இழுத்துவிடுவது, அதற்கடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தோடு நடக்கும் கைவேலை.

கானாடுகாத்தானில் ஒரு வீடு. கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். வளவை ஒட்டிய பத்தியில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் அட்டைப் பெட்டிகளைப் பரப்பியிருந்தான். திருகாணிகளை ஆச்சியின் ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ரைசன் 5 7600 பிராசஸர், ஏஎம்5 மதர்போர்டு, டிடிஆர்5 ராம் 32 ஜிபி. எல்லாமே ஒழுங்கான பொருள். முந்தைய நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டிருக்கிறான். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. அரை நிமிடம் பார்த்தான், அணைத்தான். மறுபடி போட்டான், மறுபடி அணைத்தான். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை.

இந்தத் தலைமுறை மதர்போர்டு முதல்முறை கண்விழிக்கும்போது ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். மெமரி டிரெயினிங் என்பார்கள். எந்த மின்னழுத்தத்தில், எவ்வளவு தாமதம் விட்டுப் பேசினால் ராமிலிருந்து பிழையில்லாமல் பதில் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொள்ளும் வேலை அது. முடியும்வரை திரையில் ஒன்றும் வராது. சில நிமிடங்கள் ஆகும். ராம் 64 ஜிபி, 128 ஜிபி என்று போனால் பத்து நிமிடத்தைத் தொடுவதும் உண்டு. நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு அரை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் எப்போது வேகும்? பையன் ராத்திரி முழுக்க அதைத்தான் செய்திருக்கிறான்.

அதோடு விட்டிருந்தால் என் பஸ் செலவோடு போயிருக்கும். பிராசஸர்தான் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று நள்ளிரவில் அதைக் கழற்றியிருக்கிறான். திரும்ப வைக்கும்போது கை நழுவி, ஒரு மூலை, பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டில் விழுந்துவிட்டது. ஏஎம்5 சாக்கெட்டில் 1718 ஊசிகள். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கான சாக்கெட்டில் 1700. தலைமுடிபோல மெல்லியவை. வாசல் பக்கம் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். நாற்று நட்ட வயல்போல எல்லா ஊசிகளும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே மாதிரி மின்ன, ஓர் ஓரத்தில் மூன்று மட்டும் வேறு பக்கம் மின்னின. ஆச்சியிடம் தையல் ஊசி ஒன்று கேட்டேன். "அதற்குள் தைக்க என்ன இருக்கிறது தம்பி?" என்றபடியே எடுத்துவந்து தந்தார். மூன்றையும் நிமிர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்று ஒடிந்திருந்தாலும் மதர்போர்டின் கதை முடிந்திருக்கும். வளைந்த ஊசிக்கு வாரன்டியும் பொதுவாகக் கிடைக்காது.

எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைப் போட்டு, பையனை எதிர்த் தூணடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். நான்காவது நிமிடத்தில் மதர்போர்டு கம்பெனியின் சின்னம் திரையில் வந்தது. அவன் முகத்தில் மகிழ்ச்சியைவிட வெட்கம்தான் அதிகம்.

ஃபேன் சுற்றுவதை நம்பிக் குழம்புகிறவர்களும் நிறைய. ஃபேன் 12 வோல்ட் கிடைத்தால் தன்பாட்டில் சுற்றும்; பிராசஸர் விழித்ததா, தூங்குகிறதா என்பது அதற்குத் தெரியாது. மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்றே தனியாக 8 முனை மின்சார சாக்கெட் இருக்கிறது. பெரிய 24 முனைக் கனெக்டரை யாரும் மறப்பதில்லை, இந்தச் சின்னதை மறந்துவிடுகிறார்கள். மறந்தாலும் ஃபேன் சுற்றும், கலர் விளக்கு எரியும், திரை வராது. இன்னும் ஆபத்தானது, அந்த இடத்தில், திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளைச் செருகப் பார்ப்பது. பிராசஸர் கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். மின் கனெக்டர் தன் வழியில் இறங்க வேண்டும். முரட்டுத்தனமாக அமுக்கினால்தான் போகும் என்றால் அது வேறு இடத்துக்கு உரியது.

ராம் மட்டும் இதற்கு நேர்மாறு. பயந்து பயந்து வைப்பதால்தான் அது பாதியில் நிற்கிறது. பக்கத்துக் கொக்கி 'டக்'கென்று விழும்வரை இரண்டு கட்டை விரலாலும் அழுத்த வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதென்றால், பொதுவாகப் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். அப்படியும் வராவிட்டால் ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பார்க்கலாம்.

தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற நண்பர் ஒருவர் புதுப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது, திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பின்பக்கத்தைப் பார்த்தேன். எச்.டி.எம்.ஐ. கேபிளை மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகியிருந்தார். அவருடையது ஐ5 12400எஃப். பெயரின் கடைசியில் எஃப் வந்தால் அந்த இன்டெல் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் துளை இருந்தாலும் அதிலிருந்து படம் வராது. ரைசன் 5 5600-க்கும் இதே கதைதான், 5600ஜி என்றால் உண்டு. கேபிளைக் கீழே, கார்டில் மாற்றிச் செருகியதும் படம் வந்தது. நான் காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு எச்.டி.எம்.ஐ. துளை உள்ள மானிட்டரில் சோர்ஸ், அதாவது எந்தத் துளையிலிருந்து படம் எடுப்பது என்ற தேர்வு, தவறாக இருப்பதும் இதே ரகம்.

மற்றவர்களின் பதற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் ஒருமுறை செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கடை தொடங்கிய புதிதில், திரை வராத ஒரு பெட்டியில், பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.தான் சந்தேகம் என்று வேறொன்றை மாற்றினேன். இரண்டும் மாடுலர், அதாவது கேபிள் தனியே கழன்று வரும் வகை. பழைய கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கின்றனவே என்று அவற்றையே புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தின. சுவிட்சைப் போட்டதும் சின்னதாய் ஒரு சத்தம், கருகல் வாடை. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட் பலகை எரிந்துவிட்டது. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் எந்த முனையில் என்ன வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். உள்ளே தகடுகள் தப்பியதால் மதுரையில் ஒருவர் தகவல்களை மீட்டுக் கொடுத்தார். அந்த மாத வாடகையை அவருக்குத்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளையும் அதன் பையிலேயே போட்டு முடிந்து வைக்கிறேன்.

எல்லாம் சரியாகச் செருகியும் வராமல், தப்பு யாருடைய கையிலும் இல்லாமல் போவதும் உண்டு. கடையில் வெகுநாள் கிடந்த எச்610 மதர்போர்டில் 13ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸரைப் போட்டால், போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் அதற்கு இந்தப் பிராசஸரை அடையாளமே தெரியாது. 12ஆம் தலைமுறை வந்தது 2021 இறுதியில், 13ஆம் தலைமுறை 2022 இறுதியில். முதலில் செய்த போர்டுகளுக்குப் பின்னால் வந்ததைத் தெரிய நியாயமில்லை. பயாஸைப் புதுப்பித்தால் தீரும். சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து புதுப்பிக்கும் பொத்தான் பின்பக்கம் இருக்கும். இல்லாவிட்டால் 12ஆம் தலைமுறை பிராசஸர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுத்தான் செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் போர்டே முடங்கிவிடலாம். துணை மின்நிலையப் பராமரிப்பு என்று நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்காமல், யு.பி.எஸ். இல்லாமல், நான் பயாஸில் கை வைப்பதில்லை.

எங்கே தகராறு என்பதைப் பல மதர்போர்டுகள் தாமே சொல்லும். ஓரத்தில் சி.பி.யு. (பிராசஸர்), டி.ராம் (ராம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் போன்றவை உள்ள டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பாருங்கள். டி.ராம் விளக்கு நின்றால் முதலில் பத்து நிமிடம் பொறுமை, பிறகுதான் ராமில் கை. விளக்கு இல்லாத மலிவு போர்டு என்றால் நான் எல்லாவற்றையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டு, இவற்றோடு மட்டும் இயக்கிப் பார்ப்பேன். வெளியே ஓடி, கேபினெட்டுக்குள் ஓடாவிட்டால், மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று துளையில்லாத இடத்தில் நின்று அடிப்பக்கத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்காக இன்னொன்று. பர்மா தேக்கு அப்படியே இருக்கும், வயரிங்கும் தாத்தா காலத்தோடு நின்றிருக்கும். எர்த் இல்லாத இரண்டு துளை பாயிண்டில் அடாப்டர் வைத்துச் செருகினால் கேபினெட்டைத் தொடும்போது கையில் சுருக்கென்று ஏறும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் இரும்புப் பெட்டியிலேயே நிற்பதுதான் காரணம். எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று அதை மாற்றிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இழுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். மானிட்டர் கேபிளை ஓடுகிற நிலையில் பிடுங்கிச் செருகும்போது போர்ட் எரிந்துபோன பெட்டிகள் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும் எனக்கு வந்திருக்கின்றன.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவருவதாக இருந்தால், திரை கறுப்பாக இருக்கும்போதே அந்தக் குட்டி விளக்குகளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிளையும் கொண்டு வாருங்கள், அதையும் சோதிக்க வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வைத்துவிடுங்கள். கனமான கார்டு வழியெல்லாம் ஆடி ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும். மற்றதெல்லாம் நீங்கள் பூட்டியபடியே இருக்கட்டும்.