‘எனக்கு விசுவாசம் எங்கே கொறைஞ்சுது, ஐயா?’

ஜெபத்தை நம்பி மருந்தை நிறுத்திவிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களில், இந்த வருஷம் இவர் நான்காவது ஆள். மூன்றாவது ஆளோடு நிறுத்திக்கொள்ளலாம், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தெற்கத்தி மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளினாக இருக்கிறேன். வார்டு வார்டாகப் போய் நோயாளிகள் பக்கத்தில் உட்காருவது, கேட்டால் ஜெபிப்பது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது, ராத்திரி யாராவது இறந்தால் குடும்பத்தோடு நிற்பது, இவ்வளவுதான் வேலை. இதில் சும்மா இருப்பதுதான் கஷ்டம். புதிதாக வருகிற இளம் ஊழியர்களுக்கு அது லேசில் வராது.

நான்காவது ஆள் வாழை விவசாயி. வயது 52. பன்னிரண்டு வருஷச் சர்க்கரை, தினமும் ஊசி. ஊரில் மூன்று நாள் கூட்டம் நடந்திருக்கிறது. சுகம் வேண்டி ஜெபித்துவிட்டு மறுபடி மருந்தைத் தொடுவது அவிசுவாசம் என்று பேசினவர் பேசிவிட்டுப் போய்விட்டார். இவர் வீட்டுக்கு வந்து இன்சுலின் பாட்டிலைக் கிணற்றடியில் உடைத்துப் போட்டிருக்கிறார். சில வாரம் கழித்துத் தோட்டத்தில் சீமைக்கருவேல முள் காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. எங்களிடம் வரும்போது சர்க்கரை 486. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அந்தப் பிரசங்கியார்மேல் கோபமும் இல்லை. "எனக்கு விசுவாசம் எங்கே கொறைஞ்சுது, ஐயா?" என்றார்.

பாருங்கள், இந்த மனுஷன் ஓய்வுநாள் பாடசாலையில் படித்தவர். பைபிளில் எபேசியர் 2:8 சொல்லச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அடுத்த வசனத்தையும் சொன்னார், அது கிரியைகளினால், அதாவது நாம் செய்கிற செயல்களினால், உண்டானதல்ல என்று. வாயில் கிருபை இருக்கிறது. மனதில் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் தேவன், கொடுக்க வேண்டிய காசு விசுவாசம். காசு குறைந்தால் சரக்கு கிடைக்காது!

காணிக்கை கொடுத்தால் மோட்சம் என்று இன்றைக்கு யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 1517இல் விற்றதுபோல யாரும் பாவமன்னிப்புச் சீட்டும் விற்பதில்லை. அதைவிட நைசான வியாபாரம் ஒன்று வந்திருக்கிறது: விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிட்டோம். உபவாசத்துக்காவது கணக்கு உண்டு, 21 நாள் என்றால் 21 நாள். விசுவாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? எவ்வளவு வைத்தாலும் போதவில்லை என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

"விசுவாசத்தைக்கொண்டு" என்கிற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நம் ஆட்கள் அதைப் "பணத்தைக் கொண்டு அரிசி வாங்கினேன்" என்பதுபோல வாசிக்கிறார்கள். எங்கள் வார்டில் ரத்தம் ஏற்றுகிறோம். ரத்தம் கொடுத்தவர் வேறு யாரோ. குரூப் பார்த்து, பொருத்தம் பார்த்து, கொண்டுவந்து தொங்கவிடுகிறவர்கள் வேறு. நோயாளி கையை நீட்டுகிறார், அவ்வளவுதான். "கையை எவ்வளவு பலமாக நீட்டினாய்" என்று எந்த சிஸ்டரும் கேட்டதில்லை. நீட்டத் தெம்பில்லாதவர் கையை அவர்களே தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொள்வார்கள். விசுவாசம் அந்தக் கை. பாட்டிலில் இருக்கிற ரத்தம் அது அல்ல.

உடனே ஒரு வசனம் வரும், எனக்குத் தெரியும். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது." மாற்கு 5. பெரும்பாடுள்ள, அதாவது தீராத உதிரப்போக்குள்ள, ஸ்திரீ. அவள் வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் செலவழித்தும் குணமாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். (எங்கள் பில்லைப் பார்த்தால் எனக்கும் சில நாள் அந்த அம்மா ஞாபகம் வரும். அது வேறு விஷயம்.) சரி, மற்றவர்களையும் எண்ணுவோமா? பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கினவர் யார் என்றே தெரியவில்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை", தூக்கிவந்த நாலு பேரையும் சேர்த்து. மல்குஸ் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன், வெட்டுப்பட்ட அவன் காது ஒட்டியது. எழுப்பப்பட்ட லாசரு செத்து நாலு நாளாயிற்று. அவனிடம் என்ன விசுவாசம் இருந்தது? வலிப்பு வந்த பையனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அரைகுறையாகத்தான் அழுதான். பையன் எழுந்தான்.

இனி சுகமாகாதவர்கள். எலிசா தீர்க்கதரிசி வியாதியில்தான் செத்தான். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறான்; அவனுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வரி சேர்க்கவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா தீர்க்கதரிசி ஜெபத்தோடு அத்திப்பழ அடையும் வைத்துக் கட்டச் சொன்னான். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டான், முள் போகவில்லை. கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான். நம் வாழைத் தோட்டக்காரருக்கு இதை வாசித்துக் காட்டியபோது, முள் என்ற இடத்தில் அவர் கண் கட்டுப்போட்டிருந்த காலுக்குப் போயிற்று. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

நான் சுகத்துக்காக ஜெபிக்கிறவன். எண்ணெய் பூசியும் ஜெபித்திருக்கிறேன், எழுந்து நடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜெபமா மருந்தா என்று போட்டி வைத்ததே நம் முன்னோர்கள் இல்லை. 1838இல் நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியவர்களும், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடரும் ஜெபிக்கத் தெரியாதவர்களா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கிருபை இலவசம் என்றதும் சிலருக்கு வாழ்க்கையும் இலவசமாகிவிடுகிறது. இரட்சிக்கப்பட்ட தேதி, நேரம் எல்லாம் சொல்வார். மருமகளிடம் கார் கேட்டு நச்சரிப்பார். ஞானஸ்நானம் எடுத்தபிறகும் ரன் வட்டி வாங்குகிறவரை எனக்குத் தெரியும். எபேசியர் 2:8ஐயும் 9ஐயும் ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற பத்தாம் வசனத்துக்குச் சுவரில் இடமில்லை. பக்கவாதம் வந்த மாமியாரை ஒன்பது வருஷமாகப் புரட்டிப் படுக்க வைக்கிற ஒரு பெண் எங்களிடம் மாத்திரை வாங்க வருவாள். சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்திருக்கமாட்டாள். உண்மையுள்ள ஜீவியம் என்றால் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வரும். அவள் அதனால் இரட்சிப்பைச் சம்பாதிக்கவில்லை. கிடைத்தவள் அப்படி இருக்கிறாள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். ஊசி, வலிப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை, மனநல மாத்திரை எதையும் ஜெபக்கூட்டத்தில் நிறுத்தாதீர்கள். சுகமாகிவிட்டது என்று தோன்றினால் நேரே லேபுக்குப் போய் ரத்தம் கொடுங்கள். பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னவர் இயேசுதான். நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிற சர்க்கரைக்காரர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்; மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து ஆராதனை நடுவில் சாய்ந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். காணிக்கைக்காகக் கடன் வாங்காதீர்கள். "தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே" வாங்கலாம் என்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8:20இல் இருக்கிறது, மென்மையாக இல்லை.

நோயாளியைப் பார்க்க வருகிற சபையாருக்கு ஒரு கெஞ்சல். "ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கே ஆண்டவர் அந்தக் கேள்வியை மறுத்துவிட்டார். பழம் கொண்டுவாருங்கள், பத்து நிமிஷம் இருங்கள், போங்கள். ஐசியு வாசலில் சத்தமாகப் பாடவே பாடாதீர்கள்.

நேற்று அவருடைய மனைவி என்னை வராந்தாவில் நிறுத்தினார். அந்தக் கூட்டத்தில் இருபதாயிரம் ரூபாய் கொடுப்பதாகப் பொருத்தனை, அதாவது நேர்ச்சை, பண்ணியிருக்கிறார்கள். பாதி கொடுத்தாயிற்று, மருமகளின் வளையலை அடகு வைத்து. "மீதியக் குடுக்கலேன்னா இன்னொரு காலுக்கும் வந்துருமோ, ஐயா?" பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே என்று பைபிளில் பிரசங்கி புஸ்தகத்தில் இருக்கிறதே என்று வேறு கேட்டார். இருக்கிறது, நான் மறைக்கவில்லை. "அந்தப் பிள்ளையோட நகையை வச்சுப் பொருத்தனை பண்ண நமக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அடகுச் சீட்டை எடுத்து, மீட்க எந்தத் தேதி வரைக்கும் தவணை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.