போராடும் மாணவர்களுக்கு: கேட்டைப் பூட்டாதீர்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கட்டண உயர்வு, விடுதிச் சாப்பாடு, தேர்வு முடிவில் குளறுபடி, ஒரு பேராசிரியர் மீது புகார். கல்லூரிப் போராட்டம் பெரும்பாலும் இப்படி ஒன்றில்தான் தொடங்கும். சில வாரம் கழித்து சஸ்பென்ஷன் ஆர்டரையோ எஃப்.ஐ.ஆர். நகலையோ எடுத்துக்கொண்டு மாணவர்கள் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களைத் தேடி வருவார்கள், கூடவே அரண்டுபோன பெற்றோரும். அந்தக் காகிதங்களைப் படித்தால், கோஷம் போட்டதால் மட்டும் வந்த சிக்கல் குறைவு. யாரையோ வெளியே போகவிடாமல் தடுத்ததும், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதும்தான் திரும்பத் திரும்ப மாட்டிவிடுகின்றன.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்பின் 19(1)(பி) தரும் உரிமை. பொது ஒழுங்கு கருதி அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம். சாலையில் ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ என்றால் காவல்துறை அனுமதி வேண்டும். சென்னையில் இதற்கு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு இருக்கிறது. 5 நாளுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். வளாகத்துக்குள் நிர்வாகத்தின் விதி. ‘காம்பஸுக்குள் போலீஸ் வர முடியாது’ என்று மாணவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அப்படி ஒரு தடை சட்டத்தில் இல்லை. நிர்வாகம் அழைத்தால்தான் வருவது என்பது வழக்கம், அவ்வளவுதான்.

வளாக விதியை யாரும் படிப்பதில்லை. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) நிர்வாகக் கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் போராடக் கூடாது என்று 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் வந்த விதிக் கையேடு, அந்த 100 மீட்டரை வகுப்பறைக் கட்டடங்களுக்கும் விரித்து, மீறினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றது. எனக்கு இது அதிகப்படியாகவே தெரிகிறது. ஆனால் விதி தவறு என்று நீதிமன்றத்தில் வாதாடுவது வேறு, விதி இருப்பதே தெரியாமல் மாட்டுவது வேறு. உங்கள் கல்லூரிக் கையேட்டில் ஒழுங்கு நடவடிக்கைப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சரி, முற்றுகைக்கு வருவோம். கல்லூரி முதல்வர் அறை வாசலில் உட்காருவது ஒன்று. அவர் வெளியே வர முடியாதபடி உட்காருவது வேறொன்று. ஒருவர் போகும் வழியை மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 126, ஒரு மாதம் வரை சிறை. அறைக்குள்ளேயே அடைத்து வைத்தால் பிரிவு 127, ஓராண்டு வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இதைச் செய்தால் சட்டவிரோதக் கூட்டம் என்ற 189ஆம் பிரிவும் சேரும். அப்புறம் பின்வரிசையில் நின்று வீடியோ எடுத்த பையனின் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். அவன் வெறும் வேடிக்கை பார்த்தவன் என்று காட்டுவது எங்கள் தலைவலி. எனவே ஆள் போக ஒரு வழி எப்போதும் திறந்திருக்கட்டும். கண்ணாடி உடைந்தால் 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் வரும். அது லேசில் விடாது.

தடை உத்தரவை மீறியதாக மட்டும் வழக்கு என்றால் பயப்படாதீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் (இப்போது சன்ஹிதாவின் 223) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதைக் காட்டி ரத்தான வழக்குகள் நிறைய.

மன்னிப்புக் கடிதம்தான் என்னைக் கோபப்படுத்தும் விஷயம். துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) அறையில் அப்பாவை உட்கார வைத்து, “எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா, இதோட முடிஞ்சிடும்” என்பார்கள். பையனும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவான்: ‘நான் மாணவர்களைத் தூண்டி, நிர்வாகத்தை மிரட்டி...’ பிறகு விசாரணைக் குழு முன் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், நடந்ததை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். தேதி போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், பதில் தர அவகாசம் கொடுங்கள் என்று கேட்பது திமிர் ஆகாது. அதைத் தராமல் நீக்கினால் அந்த உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், அதன் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு நேரடியாகப் போடலாம். தனியார் கல்லூரி என்றால் கொஞ்சம் சுற்றுவழி.

வகுப்புப் புறக்கணிப்பு நாட்கள் ஆப்சென்ட்தான். 75 சதவீத வருகை கேட்கும் இடத்தில் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கைது என்றால் பெரும்பாலும் கல்யாண மண்டபம்தான், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில், மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பெண் போலீஸ் அதிகாரி மட்டுமே செய்யலாம். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு அரசு வேலை விண்ணப்பத்தில் ‘வழக்கு உண்டா’ என்ற கேள்வி வரும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயத்தை மறைத்திருந்தாலும் வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் அவதார் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. விடலாம் என்றுதான் சொன்னது, விட வேண்டும் என்று சொல்லவில்லை. வழக்கு இருந்தால் ‘ஆம்’ என்றே எழுதுங்கள்.