கான்ட்ராஸ்ட்: நிற வேறுபாடா, ஒளிமுரணா?

தொலைக்காட்சிப் படத்தைச் சரிசெய்பவரும், ஸ்கேன் எடுக்குமுன் நரம்பில் மருந்து ஏற்றுபவரும், கைப்பேசிச் செயலியை வடிவமைப்பவரும் ஒருசேரப் புழங்கும் சொல் கான்ட்ராஸ்ட். 'எதிராக' எனப் பொருள்படும் 'கான்ட்ரா', 'நில்' எனப் பொருள்படும் 'ஸ்டாரே' ஆகிய இலத்தீன் சொற்கள் இணைந்து 'எதிர்நிற்றல்' என்றாகி, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஓவியக் கலைச்சொல்லாய் ஆங்கிலத்தை அடைந்தது.

செயலி வடிவமைப்பில் இச்சொல்லுக்குத் திட்டமான அளவு உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உடற்குறைபாடு உள்ளவரும் எளிதில் பயன்படுத்துவதற்கென 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களின்படி, வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 விகிதமும், பெரிய எழுத்தாயின் 3:1 விகிதமும் இருத்தல் வேண்டும். வெள்ளைமேல் கறுப்பு 21:1 பெறுகிறது. பலரும் விரும்பி இடும், 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலோ அதே வெள்ளைமேல் 2.85:1 அளவிலேயே நின்றுவிடுகிறது.

தமிழில் இதனை 'நிற வேறுபாடு' என்று எழுதுவது பிழையான புரிதலுக்கு இடம் தருகிறது. இவ்விகிதம் அளப்பது நிறத்தை அன்று, ஒளிர்வை. அடர்பச்சைப் (008000) பின்னணியில் தூய சிவப்பு (FF0000) எழுத்தை இட்டால் நிறங்கள் முற்றிலும் வேறானவை, விகிதமோ 1.3:1-ஐக்கூட எட்டாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவருக்கு அந்த வரி ஏறக்குறைய இல்லாததே. 'மாறுபாடு' என்பதும் பொதுப்படையானது. காலப்போக்கில் நேரும் மாற்றத்தையும் அதுவே குறிக்கும்.

ஆகவே 'ஒளிமுரண்' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இன்று முரண் என்றதும் சச்சரவே பலர் நினைவுக்கு வருகிறது எனினும், யாப்பில் அது அழகின் பெயர். 'இன்பம் விழையான்' என்று தொடங்கும் குறளின் அடுத்த அடி 'துன்பம்' என்று தொடங்குவது, எதிர்ச்சொற்களை இணைத்துத் தொடுக்கும் முரண்தொடை. இரு சொற்களும் எதிரெதிர் நின்று ஒன்றை ஒன்று துலக்கிக் காட்டுகின்றன. இலத்தீன் வேரின் 'எதிர்நிற்றல்' இங்கே சிதையாமல் வந்துவிடுகிறது.

'இந்த வரிக்கு ஒளிமுரண் போதவில்லை' என்று வடிவமைப்பாளரிடம் சொல்லிப் பாருங்கள்; எதைத் திருத்த வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கும். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் இன்றியமையாதது. மெலிந்த எழுத்துருவில், வெளிர்சாம்பலில், உச்சி வெயிலில் திரையைப் பார்க்கும்போது முதலில் மறைவது மெய்யின் மேலுள்ள புள்ளி. அடுத்து, 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் பிரித்துக் காட்டும் கொம்பின் சிறு சுழி.