ஏல வீடு ஏன் மலிவு?

வங்கி ஏலத்தில் சந்தை விலையைவிடப் பத்துப் பன்னிரண்டு லட்சம் குறைவாக வீடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. கிடைக்கிறது. சென்னையைச் சுற்றி அம்பத்தூர், தாம்பரம், போரூர் பக்கமெல்லாம் அப்படி வாங்கிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பத்திரம் பார்த்துக் கொடுத்த வழக்கறிஞர் நான். ஆனால் இப்போது அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "இந்த வீட்டை வாங்கலாமா சார்?" என்பார்கள். இப்போது "வாங்கி ஆறு மாசத்துல வித்துட்டா எவ்வளவு சார் நிக்கும்?" என்கிறார்கள். யூடியூபில் நாலு வீடியோ, அப்புறம் வார இறுதியில் ஒரு கட்டண வகுப்பு, அங்கே கொடுத்த ஒரு எக்செல் தாள். அதில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் கட்டம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் மாதங்களுக்குக் கட்டம் இருக்காது.

குடியிருக்க வாங்குபவரிடம் "பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லும் நான், முதல் முதலீடாக வாங்கிக் கைமாற்ற நினைப்பவரிடம் பெரும்பாலும் "வேண்டாம்" என்றே சொல்கிறேன். காரணம், தள்ளுபடியை யார் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

வீட்டுக் கடன் வாராக் கடனான பிறகு, 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்கலாம். முதலில் 13(2) பிரிவின் கீழ் ஒரு நோட்டீஸ். கடனாளிக்கு 60 நாள் அவகாசம். அவர் கட்டாவிட்டால் 13(4) பிரிவின்படி சுவாதீனம், அதாவது சொத்தை வங்கி தன் வசம் எடுத்துக்கொள்வது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வங்கி அதிகாரி வீட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தாலே சட்டத்தின் கண்ணில் சுவாதீனம் எடுத்தாயிற்று. உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பெயர் அடையாள சுவாதீனம். வங்கி பூட்டைப் போட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்தால் அது நேரடி சுவாதீனம். ஏல விளம்பரத்தில் இந்த இரண்டில் எது என்று பொடி எழுத்தில் இருக்கும். என்னிடம் விளம்பரத்தைக் கொண்டுவந்தால், விலைக்கு முன்னால் நான் தேடுவது அந்த வரியைத்தான்.

அடையாள சுவாதீனத்தில் விற்ற வீட்டில் இருப்பவர்களை எழுப்ப 14-வது பிரிவு இருக்கிறது. சென்னை என்றால் எழும்பூரில் உள்ள தலைமை மாஜிஸ்திரேட், மாவட்டங்களில் ஆட்சியர். இவர்களிடம் மனுப் போட வேண்டியது வங்கி, நீங்கள் அல்ல. ஆட்சியர் 30 நாளுக்குள், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இந்தக் கெடுவை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். உத்தரவு வந்த பிறகு நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரோ வருவாய்த் துறை அலுவலரோ தேதி கொடுக்க வேண்டும், காவல் நிலையத்தில் ஆள் கேட்க வேண்டும், பூட்டு உடைக்க ஆள் வர வேண்டும், உள்ளே இருக்கும் பொருட்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பரீட்சை நேரம், திருவிழா பந்தோபஸ்து, தேர்தல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். இதற்கிடையில் கடனாளி 17-வது பிரிவின் கீழ் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரையில் அவை இருக்கின்றன. அங்கே ஒரு இடைக்காலத் தடை கிடைத்தால் உங்கள் பணம் வங்கியில், நீங்கள் வாடகை வீட்டில்.

வீட்டில் இருப்பவர் கடனாளியாக இல்லாமல் போனால் இன்னும் சிக்கல். சென்னையில் போக்கியத்துக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு பெருந்தொகை கொடுத்து, குடிவருகிறவர்கள் நிறைய. வடசென்னைப் பக்கம் ஒரு பிளாட்டுக்கு வாங்குபவரோடு நானும் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். உள்ளே இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு போக்கிய ஒப்பந்தம். எட்டு லட்சம் கொடுத்திருக்கிறார், பதிவு செய்யவில்லை, தேதி அடமானத்துக்குப் பிந்தையது. "ஓனர் போனையே எடுக்கறதில்ல சார். எட்டு லட்சத்தைக் கொடுங்க, நாளைக்கே காலி பண்றேன்" என்றார். அடமானத்துக்குப் பின், வங்கியின் சம்மதம் இல்லாமல் போட்ட இப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுவாக வங்கியைக் கட்டுப்படுத்தாது. சட்டம் வாங்குபவர் பக்கம்தான். ஆனால் அந்த எட்டு லட்சம் அவருக்கும் வாழ்நாள் சேமிப்பு. எளிதில் எழுந்து போக மாட்டார், போகவும் போவதில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஆள் அந்த ஏலத்தில் கலந்துகொள்ளவில்லை.

இப்போது கணக்கு. கற்பனைக் கணக்குத்தான், ஆனால் என் மேஜைக்கு வரும் கணக்குகளின் சாடை இதில் இருக்கும். சந்தையில் 55 லட்சம் போகும் பிளாட். ரிசர்வ் விலை, அதாவது வங்கி வைக்கும் குறைந்தபட்ச ஏல விலை, 42 லட்சம், நீங்கள் 44 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள். தாளில் லாபம் 11 லட்சம். சாவி கைக்கு வர 14 மாதம் என்று வையுங்கள். 44 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி 14 மாதத்துக்கு 4.62 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சாதாரணக் கிரயத்தைப் போல 7-ம் 2-ம் ஆக 9 சதவீதம் என்று போட்டால் 3.96 லட்சம். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு பெயிண்ட், பிளம்பிங், வயரிங் என்று ஒன்றரை லட்சம். சொசைட்டி பராமரிப்பு பாக்கி, மின்கட்டணம், சொத்து வரி சேர்த்து 60 ஆயிரம். கூட்டிக் கழித்தால் மிச்சம் 32 ஆயிரம். தரகர் கமிஷனும் லாபத்தின் மீதான வரியும் இனிமேல்தான். அந்த 32 ஆயிரத்துக்காக 14 மாதம் தூக்கம் போனது தனி.

அதே பிளாட்டைக் குடியிருக்க வாங்கியவருக்கு இதே கணக்கைப் போடுங்கள். 55 லட்சத்துக்கு வெளியில் வாங்கியிருந்தாலும் அவர் பதிவுச் செலவும் வட்டியும் கட்டித்தான் இருப்பார். ஆகவே அவை இரண்டும் கணக்கில் வராது. கூடுதலாகப் போனது 14 மாத வாடகை, மாதம் 15 ஆயிரம் என்றால் 2.1 லட்சம். பழுதுபார்ப்பும் பாக்கிகளும் 2.1 லட்சம். இவையெல்லாம் போக 6.8 லட்சம் அவருக்கு மிச்சம். ஒரே வீடு, ஒரே ஏலம். வங்கியால் காலி செய்து தர முடியாத வேலையைக் காத்திருந்து முடிப்பவருக்குக் கொடுக்கும் கூலிதான் இந்தத் தள்ளுபடி. காத்திருக்க முடிந்தவருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகும்.

பணம் கட்டும் கெடு விஷயத்தில் சட்டம் இரக்கமே காட்டாது. ஏலத்தில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை, வழக்கமாக ரிசர்வ் விலையில் 10 சதவீதம். நம் உதாரணத்தில் 4.2 லட்சம். ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் மொத்தம் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். அதாவது இன்னும் 6.8 லட்சம். மீதி 33 லட்சத்துக்கு, விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள். வங்கி எழுத்தில் சம்மதித்தால் நீட்டிக்கலாம், அதுவும் மூன்று மாதத்துக்குள். "லோன் வாங்கிக்கலாம் சார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். காலி செய்யாத வீட்டுக்கு, ஏலம் எடுத்தவருக்கு வங்கி தரும் விற்பனைச் சான்றிதழ் கைக்கு வராத நிலையில், 15 நாளில் கடன் கொடுக்கும் வங்கியைத் தேடிப் பாருங்கள். கட்டத் தவறினால் அதுவரை கட்டிய அத்தனையும் பறிமுதல். வங்கிக்கு உண்மையில் ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை ஒருவர் வென்ற வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 25 சதவீதம் முழுவதும் போனது போனதுதான் என்றது.

இன்னொரு பக்கம், வாங்குபவருக்கு ஒரு பெரிய நிம்மதியும் கிடைத்திருக்கிறது. 2016 திருத்தத்தின்படி, ஏல விளம்பரம் வெளியாகும் தேதிக்கு முன்புவரைதான் கடனாளி முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். ஏலம் முடிந்த பிறகு பணத்தோடு வந்து "எனக்கே கொடுங்கள்" என்று நிற்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால் நோட்டீஸ் நாட்களில் வங்கி பிசகியிருந்தால் கதை வேறு. முதல் விற்பனைக்கு 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அதில் ஒரு நாள் குறைந்தாலும் கடனாளியின் வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். விற்பனை ரத்தானால் உங்கள் பணம் திரும்பி வரும், ஆனால் எப்போது வரும் என்பது தீர்ப்பாயத்தின் கையில்.

பத்திரம் பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். வங்கி ஏலம் விடுகிறது என்பதாலேயே சொத்து சுத்தம் என்று ஆகிவிடாது. கடன் கொடுத்தபோது பார்த்த அதே கண்தான் வாராக் கடனுக்கும் இடம் கொடுத்தது. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு வில்லங்கத்தில் வராமல் இருக்கலாம், அதனால் நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் தளத்திலும் தீர்ப்பாயத்தின் தளத்திலும் கடனாளியின் பெயரை, எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தனி வீடு என்றால் மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு சர்வேயரோடு இடத்துக்குப் போவது அவசியம். பத்திரம் பதினாலாம் மனைக்கு, வீடு நிற்பதோ பதினைந்தாம் மனையில் என்ற கூத்து நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. பிளாட் என்றால் பிரிக்கப்படாத மனையிடம், அதாவது மொத்த நிலத்தில் அந்த பிளாட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது கட்டடப் பரப்பு.

'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின்கட்டண பாக்கியை அந்த நிபந்தனையோடு ஏலத்தில் எடுத்தவரிடம் மின்வாரியம் கேட்க முடியும் என்று தீர்ப்பளித்தது. மின் இணைப்பு எண் மீட்டர் பெட்டியிலேயே எழுதியிருக்கும், மின்வாரியத் தளத்தில் போட்டால் பாக்கி தெரிந்துவிடும். சொசைட்டி பாக்கியை எந்தத் தளமும் காட்டாது. வாட்ச்மேனோடு ஒரு டீ குடித்தால் தெரியும். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் யார் வந்து கத்திவிட்டுப் போனார்கள் என்பதும் சேர்ந்தே தெரியும்.

ஏலப் பட்டியல்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் சேர்ந்து நடத்தும் பேங்க்நெட் தளம் 2025 ஜனவரியிலிருந்து புதுப்பிக்கப்பட்ட வடிவில் இருக்கிறது. அதில் ஒரே வீடு இரண்டாவது, மூன்றாவது முறை குறைந்த ரிசர்வ் விலையில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். முந்தைய முறை வந்து பார்த்தவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்று விசாரியுங்கள்.

முதல் முறை வாங்குபவருக்கு நான் விரும்பிச் சொல்லும் வழி ஒன்று உண்டு. கடனாளி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறார், ஏல விளம்பரம் இன்னும் வரவில்லை, அவரும் கௌரவமாக விற்றுவிட்டு வெளியேற நினைக்கிறார் என்றால், அவரிடமே நேரடியாக வாங்கலாம். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் அவர் விற்க முடியாது என்பதால் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கும். ஏலத்தைவிட இரண்டு மூன்று லட்சம் கூட ஆகலாம். ஆனால் கடனாளியே கையெழுத்துப் போடுவார், வீட்டைக் காலி செய்து சாவியைத் தருவார், பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போக அவருக்குக் காரணம் இருக்காது.

இதில் வரிசை தவறக்கூடாது. பாக்கி எவ்வளவு, எவ்வளவுக்கு முடித்துக்கொள்வார்கள் என்று முதலில் வங்கியிடமிருந்து கடிதம் வாங்குங்கள். அட்வான்ஸ் உட்பட எந்தப் பணமும் கடனாளியின் கைக்குப் போகாமல், டிடியாக அவருடைய கடன் கணக்குக்கே போகட்டும். மிச்சம் மட்டும் அவருக்கு. மொத்தத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் எனும் வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வங்கியின் ஆள் மூலப் பத்திரங்களோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணம் முதலில் பதிவாகி, அதே நாளில் அடுத்த எண்ணில் உங்கள் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். கையெழுத்துப் போடக் கூப்பிடும் முன்பே வீடு காலியாக இருக்கிறதா என்று அன்று காலையில் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.